கடித்துக் கொடுத்த பேரீச்சம்பழம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மூன்று நான்கு வாரங்கள் இருக்கையில், ஒஸ்லோவில் நான் துப்புரவு வேலை செய்கிற இடத்தில் நடந்தது இது. என் பிள்ளைகளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்குவேன், பாதியில் தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் எழும்பிப் போய்விடுவேன்.

நான் தீவுப்பகுதிக்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தை வானொலியும், நூலகத்துப் புத்தகங்களும், மனிசருடைய வாயும் கற்றுத்தந்தன. யார் நல்லதொரு பழமொழி சொன்னாலும் சேலைத்தலைப்பில் முடிந்துவைக்கிற மாதிரி எடுத்து வைத்துக்கொள்வேன். நகரத்தின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்குப் போவதற்குள் நான் மூன்று பழமொழி சொல்லிவிடுவேன் என்று பக்கத்து வீட்டுக்காரி பகிடி பண்ணுவாள். பிள்ளைகள் இரண்டும் கலியாணம் கட்டி வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். என் கணவர் காலமாகிப் பத்து வருடம். வீட்டில் கதைக்க ஆளில்லை. கதைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

வேலை காலை ஆறு மணிக்கு. ஓர் ஆராய்ச்சி நிலையம். மேல் மாடிகளில் அலுவலகங்கள். கீழ்த்தளத்தில், சூடாக வைத்திருக்கிற இரண்டு அறைகளில், ஆறு குரங்குகள். ஒஸ்லோப் பனியில் குரங்கோ என்று எல்லோரும் கேட்பார்கள். இவை தென்னமெரிக்கக் காட்டுச் சாதி, மார்மோசெட் என்று பெயர். அணிலைவிடக் கொஞ்சம் பெரிது. காதோரம் வெள்ளைப் பஞ்சு ஒட்டிவைத்ததுபோல முடி, வாலில் வளையம் வளையமாகக் கோடு. அங்கே கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இவை ஒன்றையொன்று எப்படிக் கூப்பிடுகின்றன, எப்போது கூப்பிடுகின்றன, அந்தச் சத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒலிவாங்கி வைத்துக் கேட்பதுதான் ஆராய்ச்சி.

ஒரு கூட்டில் வயசான சோடி. பக்கத்துக் கூட்டில் அவற்றின் வளர்ந்த பிள்ளைகள் நான்கு. எல்லாவற்றுக்கும் எண் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். எண்ணைச் சொல்லி எப்படிக் கூப்பிடுகிறது? எங்கள் பக்கத்தில் சித்தியைக் குஞ்சியம்மா என்போம், சித்தப்பாவைக் குஞ்சியப்பு என்போம். இவ்வளவு குஞ்சாக இருக்கிறவைக்கு வேறென்ன பெயர் வைப்பது? கிழவி குஞ்சியம்மா, கிழவர் குஞ்சியப்பு ஆகிவிட்டார்கள்.

ஆராய்ச்சி செய்தது மதுரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். முதல் நாள் காலையில் நான் "என்ன பிள்ளை, வெள்ளனவே வந்திட்டீர்?" என்று கேட்டதற்கு அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

"வந்திட்டீர்னா எனக்கு ராஜா காலத்து நாடகம் மாதிரி இருக்கு அக்கா."

"நீர் சிரியும். நீங்கள் 'அவர் என்கிட்ட பேசினார்' எண்டு சொல்லேக்கை, ஐயோ பாவம், ஆரோ இந்தப் பிள்ளையை ஏசிப்போட்டினம் எண்டுதான் நாங்கள் நினைப்பம். எங்களுக்குப் பேச்சு எண்டால் ஏச்சு."

அன்றிலிருந்து சிநேகிதம். பத்து மணிக்கு அவளுடைய காப்பி நேரமும் என்னுடைய இடைவேளையும் ஒன்றாக வரும். நோர்வேக்காரர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிற ரொட்டிப் பொட்டலத்தை மாட்பாக்கெ என்பார்கள். இவளுடைய மாட்பாக்கெ இரண்டு காய்ந்த பாண்துண்டும் ஒரு சீஸும். பார்க்கச் சகிக்காது. நான் இரண்டு பேருக்குச் சேர்த்தே கொண்டுபோவேன்.

அவள்தான் அந்தக் குரங்குகளின் அருமையை எனக்குக் காட்டினாள். ஒன்று மெல்லிய விசில்போல நீளமாகக் கூப்பிட்டால் மற்றது குறுக்கே புகாது. முடியும்வரை பொறுத்திருந்து, பிறகும் ஒரு சில நொடி இடைவெளி விட்டுத்தான் பதில் சொல்லும். "எங்கட தமிழ்ச் சங்கக் கூட்டங்களுக்கு இவையைத்தான் தலைவராப் போடவேணும்" என்றேன். அவள் ஒரு நாளைக்கு ஒரு முறை குஞ்சியம்மாவையும் குஞ்சியப்புவையும் கால் மணி நேரம் வேறு வேறு அறைகளில் விட்டு, அவை ஒன்றையொன்று கூப்பிடுவதைப் பதிவு செய்வாள். பிறகு மேசையிலிருந்து ஒவ்வொரு கூப்பிடுதலையும் எண்ணுவாள், அளப்பாள்.

"பிரிஞ்சிருக்கேக்கை கிழவருக்குக் கவலை, பாரும்" என்று ஒருநாள் சொன்னேன்.

"அப்படி நான் எழுத முடியாது அக்கா. கூப்பிட்ட எண்ணிக்கை கூடிச்சு, சத்தத்தோட உயரம் மாறிச்சு, அவ்வளவுதான் எழுதலாம்."

"அப்ப நீர் எழுதாட்டி அதுக்குக் கவலை இல்லையோ?"

"இருக்கலாம். நமக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதணும். தெரியாததை நம்ம வசதிக்கு எழுதிடக் கூடாது."

சின்னப் பிள்ளை, ஆனால் அவ்வளவு கட்டு.

கீழ்த்தளத்துக்குள் போகிற கதவருகே ஒரு தாள் தொங்கும். ஒவ்வொரு காலையும் பெயருக்கு நேரே மூன்று பெட்டிகளில் அடையாளம் போடவேண்டும். சளி உண்டா, காய்ச்சல் உண்டா, உதட்டில் கொப்புளமோ புண்ணோ உண்டா. உண்டென்றால் உள்ளே போகக் கூடாது. இல்லையென்றால் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு போகலாம். ஏனென்று முதல் நாளே சொல்லித்தந்தார்கள். எங்களுக்குக் குளிர்காலத்தில் உதட்டோரம் வந்து போகிற சின்னக் கொப்புளம் இருக்கிறதே, அந்தக் கிருமி இந்தச் சாதிக்கு எமன். நான் தலையாட்டினேன். கேட்டதும் உண்மை, விளங்கியதும் உண்மை. ஆனால் இரண்டு வருடமாக நாளுக்கு மூன்று முறை 'இல்லை, இல்லை, இல்லை' என்று போட்டுப் போட்டு, அந்த அடையாளம் கதவைத் திறக்கிற கைப்பிடி மாதிரி ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை என் கீழுதட்டோரம் ஒரு கொப்புளம் இருந்தது. இரண்டு நாளாகவே இருந்தது. ஒவ்வொரு மார்கழிக்கும் வருகிறதுதான். சுகமில்லை, வருத்தம் என்று மூன்று நாள் நானே எழுதிக்கொடுத்து வீட்டில் நிற்கலாம். இந்த நாட்டில் அதற்கு ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் நான் இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட வீட்டில் நிற்காதவள் என்று எனக்கொரு பெருமை. ஒரு பருவுக்காக நிற்பதா? முகக்கவசம் போடுகிறேன்தானே? 'இல்லை' என்று அடையாளம் போட்டேன்.

அங்கிப் பையில் பேரீச்சம்பழம் இருந்தது. நத்தார் கேக்குக்குப் பழம் வெட்டி ஊறவைக்கிற காலம். முதல் நாள் இரவு வெட்டியதில் மிஞ்சியதை வேலைக்கு எடுத்து வந்திருந்தேன். குஞ்சியம்மாவுக்கு முன்பற்கள் தேய்ந்துபோயிருந்தன. கொஞ்ச நாளாக அவள் கெட்டியானது எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. குரங்குகளைப் பராமரிக்கிறவர் கவலைப்பட்டுக்கொண்டு திரிந்தார். நான் கூட்டுத் தட்டைக் கழுவி வைத்தபோது அவள் கம்பியோரம் வந்து என் கையைப் பார்த்தாள். ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தேன். நக்கினாள், கடிக்க ஏலாமல் விட்டாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள்.

எங்களில் பல்லில்லாத பிள்ளைக்கு எப்படிக் கொடுப்போம்? தாய் கடித்து, மசித்து, கொடுப்பாள். புளிக்கிறதா இனிக்கிறதா என்று தான் பார்த்துவிட்டு, இனிக்கிறதைப் பிள்ளைக்குக் கொடுப்பாள். நானும் என் இரண்டுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். கை தானாகப் போனது. முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இழுத்தேன், பழத்தைக் கடித்தேன், இரண்டு மெல்லு மென்றேன், குஞ்சியம்மாவின் கையில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். பக்கத்துக் கூட்டிலிருந்து நாலாவது குட்டி, எப்போதும் எதிலும் முந்துகிறவள், கம்பிக்குள்ளால் கையை நீட்டினாள். மிச்சப் பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

பத்து நாள் கழிந்து ஒரு திங்கட்கிழமை. குஞ்சியம்மா மேல் தட்டுக்கு ஏறவில்லை. வாயிலிருந்து நீர் வடிந்து நெஞ்சு முடி ஒட்டியிருந்தது. கையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு அவளை எதிர் அறைக்கு மாற்றினார். நாக்கிலும் உதட்டிலும் புண்கள் என்று பராமரிக்கிறவர் சொன்னபோது என் கை தன்பாட்டில் என் உதட்டுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. பொருக்கு விழுந்து, தோல் வழுவழுப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. மதியம் சாப்பாட்டு அறையில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார் நிலையத்தின் தலைமை அம்மா. வைத்தியர் எழும்பி நின்று மெதுவாகச் சொன்னார். இது மனிதரிடமிருந்து வந்த கிருமி. யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. எந்த மிருகங்களுக்கு அது தொற்றியிருக்கும் என்று அறியத்தான் கேட்கிறோம். யாருக்காவது அண்மையில் உதட்டில் ஏதும் இருந்ததா?

தலைமை அம்மா கதவுத் தாள்களைப் புரட்டினார். முழு மாதத்திலும் 'உண்டு' என்று ஒரே ஒரு ஆள்தான் அடையாளம் போட்டிருந்தாள். மதுரைப் பிள்ளை. காய்ச்சல் என்று போட்டு, மூன்று நாள் வீட்டில் நின்று, சுகமான பிறகு வந்திருந்தாள்.

அவளுடைய முகம் வெளுத்துப்போனது. "எனக்கு அப்போ உதடு வெடிச்சிருந்தது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "குளிராலேன்னு நினைச்சேன். வேற எதுவுமா இருந்திருக்கலாம். எனக்குத் தெரியலை." தெரியாததைத் தன் வசதிக்குச் சொல்லத் தெரியாத பிள்ளை. உண்மையாக அடையாளம் போட்டவளைத் தாள் காட்டிக்கொடுத்தது. பொய்யாகப் போட்டவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

அவள் அந்தச் சோடியோடு மட்டும்தான் வேலை செய்தவள். ஆகவே பக்கத்துக் கூட்டுப் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று முடிவானது. அவற்றை அப்படியே ஒன்றாக விட்டார்கள். குஞ்சியப்புவுக்கு மருந்து தொடங்கினார்கள். விசாரித்து முடியும்வரை அவள் கீழ்த்தளத்துக்குள் போகக் கூடாது என்று, மிகத் தன்மையாகத்தான், சொன்னார்கள். மூன்று வருட ஆராய்ச்சி. அந்தச் சோடியை வைத்துத்தான் எல்லாமே.

நான் வாயைத் திறக்கவில்லை. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று ஊரெல்லாம் சொல்லித்திரிந்த வாய். ஏன் திறக்கவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். ஐம்பத்தேழு வயதில் இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காது என்ற பயம் ஒன்று. என் கையெழுத்தோடு பொய் அங்கே தொங்குகிறதே என்ற வெட்கம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த ஆட்கள் என்னை நல்ல மனிசி என்று நினைத்திருந்தார்கள். அதை இழக்க மனமில்லை. 'தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னும்' என்று, தன் காரியத்துக்கு மட்டும் கை துடிக்கும் என்பதை, எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

புதன்கிழமை காலை நான் புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோனேன். அவள் மேல்மாடி நடையில், காதில் ஒலிகேட்கும் கருவியோடு, மடியில் குறிப்பெழுதுகிற கொப்பியோடு இருந்தாள். கீழே போக முடியாதென்றாலும் ஒலிவாங்கிகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

நீளமான ஒரு விசில். பிறகு அமைதி. திரும்ப ஒரு விசில். திரும்ப அமைதி.

"குஞ்சியப்புதான். எதிர் ரூம்ல அவ இருக்கான்னு தெரியும் அவருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் அவ பதில் குடுத்துட்டு இருந்தா. இன்னைக்குக் காலையிலேர்ந்து இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நிறுத்துறார் பாருங்க. அவளுக்கு இடம் விடுறார்."

நான் கருவியைக் கழற்றிக் கொடுத்தேன்.

"நான்தான் கொன்னுட்டேன் அக்கா" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் சேர்த்து வீட்ல இருந்திருக்கணும். டேட்டா டேட்டான்னு ஓடி வந்தேன்."

இந்த இடத்தை எழுதுவதற்குத்தான் இத்தனை வருடம் பிடித்தது. நான் அவளுடைய தலையை என் தோளில் சாய்த்தேன். முதுகைத் தடவினேன். "எல்லாம் விதி, பிள்ளை. யானைக்கும் அடி சறுக்கும். நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே? அழாதையும். ஒரு வாய் சாப்பிடும்" என்றேன். அவள் என் தோளில் அழுதாள். நான் செய்த பிழைக்கு, அவளுக்கு, நான் ஆறுதல் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "நீங்க இல்லைன்னா இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லை அக்கா" என்றாள். புட்டைச் சாப்பிட்டாள். நான் வாளியையும் தும்புக்கட்டையையும் எடுத்துக்கொண்டு போய் ஏற்கெனவே துடைத்த மாடிப்படியைத் திரும்பத் துடைத்தேன்.

அன்று பின்னேரம் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை இருந்தது. நத்தாருக்கு முன் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. நானும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கையில் வரிசையை விட்டு வந்துவிட்டேன். சுவாமியிடம் சொன்னால், 'அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டாயா?' என்று அவர் கேட்பார் என்பது எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. பிள்ளைகளின் கூட்டுக்குத் தட்டு வைத்தேன். மற்ற மூன்றும் பாய்ந்து வந்தன. எப்போதும் முந்துகிற நாலாவது குட்டி மூலைப் பலகையில் இருந்தாள். இறங்கி வரவில்லை. கையை எடுத்து வாயை ஒரு தரம் துடைத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

அந்த முழுக் கட்டிடத்திலும், அந்தக் கைத்துடைப்புக்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர் பார்த்திருந்தால் குட்டிக்குச் சோம்பல் என்று நினைத்திருப்பார்கள். மற்ற மூன்றும் எந்நேரமும் அவளோடு உரசிக்கொண்டு, ஒரே தட்டில் தின்கிறவை.

தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வைத்தியர் எதிர் அறையிலிருந்து வெளியே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். நான்தான். என் உதட்டில் இருந்தது. நான் கடித்துக் கொடுத்தேன். தாளில் பொய் போட்டேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "எந்த நாள்? எந்தெந்த மிருகத்துக்கு?" இவ்வளவுதான் கேட்டார். நான் சொன்னேன். நாலாவது குட்டி என்றதும் புதுக் கையுறையை இழுத்துக்கொண்டு ஓடினார். ஒரு ஏச்சு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் அந்த நடையில் தனியாக நின்றேன்.

குட்டியை வேறாக்கினார்கள். மற்ற மூன்றுக்கும் மருந்து தொடங்கினார்கள். எட்டு மணிக்குத் தலைமை அம்மா வந்தார், பின்னால் மதுரைப் பிள்ளையும் வந்தாள். அவளுக்குத் தமிழில் நானே சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை மீட்டிங் நடந்தப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"நேத்து புட்டு கொண்டு வந்தீங்களே. அப்பவுமா?"

"ஓம், பிள்ளை."

தலையை ஆட்டினாள். வைத்தியரிடம் போய், இப்போது தான் உள்ளே போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றார்.

அன்று மத்தியானம் குஞ்சியம்மாவுக்கு முடிகிற நேரம் என்று தெரிந்தது. வலியில்லாமல் அவளை நிரந்தரமாகத் தூங்கவைக்க ஊசி ஆயத்தமானது. மதுரைப் பிள்ளைதான் வாதாடினாளாம்: கிழவருக்குக் கிருமி பட்டிருந்தால் ஏற்கெனவே பட்டிருக்கும், ஒரு தரம் பார்க்க விடுங்கள் என்று. வைத்தியர் ஒத்துக்கொண்டார். எனக்கு உள்ளே போக இனி உரிமையில்லை. கதவின் கண்ணாடிச் சதுரத்தினூடாகப் பார்த்தேன்.

குஞ்சியப்பு மெதுவாக வந்தார். அவளுடைய முகத்தை மணந்து பார்த்தார். ஈரமான நெஞ்சு முடியை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் ஒட்டி இருந்து, ஒரு கையை எடுத்து அவளுக்கு மேலே போட்டார். விசில் இல்லை; கிட்ட இருக்கும்போது போடுகிற, பூனை உறுமுவதுபோன்ற ஒரு சின்னச் சத்தத்தை மட்டும் போட்டார். போட்டுவிட்டு நிறுத்தினார். பார்த்தார். திரும்பப் போட்டார். மதுரைப் பிள்ளை கொப்பியோடு மூலையில் நின்றாள். எழுதவில்லை. சட்டைக்கை முழுக்க அவளுடைய கண்ணீர்.

ஊசி போட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அரை மணி நேரம் பொறுத்துத்தான் அவரைத் தூக்கினார்கள்.

குட்டி ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனாள். மற்ற மூன்றும் தப்பின. குஞ்சியப்புவும் தப்பினார். "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் குட்டி பிழைத்திருக்குமோ?" என்று வைத்தியரை ஒருநாள் மறித்துக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார். 'இல்லை' என்று சொல்லியிருக்கலாமே என்று அந்த மனுசன்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், இந்த இடத்தில் எல்லோரும் இப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்பார்கள். என் ஒருத்தியால்தான் அது முடியாமல் போனது.

வேலை போகவில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்து, கீழ்த்தளத்துக்கான என் அட்டையை வாங்கிக்கொண்டு, மேல் மாடிகளுக்கு மாற்றினார்கள். இரண்டாம் மாடி நடையில் காற்றோட்டக் குழாய் ஒன்று கீழிருந்து வருகிறது. விடியற்காலையில், ஒருவரும் வேலைக்கு வராத நேரத்தில், அதற்குள்ளால் கிழவரின் விசில் கேட்கும். ஒன்று, ஓர் இடைவெளி, இன்னொன்று. அந்த நத்தார் கழிந்து, பனி கரைந்து, மரங்கள் துளிர்க்கும்வரை கேட்டது. பிறகு ஒரு காலையில் இல்லை. செத்துவிட்டாரோ என்று பதறிப் பராமரிக்கிறவரைக் கேட்டேன். இல்லையாம், பிள்ளைகளோடு சேர்த்து விட்டார்களாம், நன்றாகச் சாப்பிடுகிறாராம். கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அது மறதியா, வேறேதுமா என்று நான் இப்போது சொல்லமாட்டேன்.

மதுரைப் பிள்ளை பழைய பதிவுகளை வைத்தே ஆராய்ச்சியை முடித்தாள். ஒரு வருடம் கூடுதலாகப் பிடித்தது. நடையில் கண்டால் "குட் மார்னிங் அக்கா" என்பாள். மரியாதை குறையவில்லை. ஆனால் பத்து மணிக் காப்பிக்கு என் மேசைக்கு வரவில்லை. நான் கொஞ்ச நாள் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு போனேன். பிறகு விட்டுவிட்டேன்.

நாட்டை விட்டுப் போவதற்கு முதல் நாள் அவளே தேடி வந்தாள். நான் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு விமானம் என்றாள். நான் "என்னை மன்னிச்சிடும், பிள்ளை" என்றேன். எத்தனையாவது தரம் என்று எனக்கே தெரியாது.

"தப்பா குடுத்துட்டீங்க. அது எனக்குப் புரியுது அக்கா, பாசத்துல குடுத்தீங்க. பயந்துபோய் சொல்லலை, அதுகூடப் புரியுது." என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "ஆனா என்னைக் கட்டிப் பிடிச்சு ஆறுதல் சொன்னீங்களே. அதை எங்கே வச்சுக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியலை. இந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச ஒரே ஆறுதல் அது."

நான் துணியை வாளிக்குள் போட்டேன். ஒரு பழமொழியும் வரவில்லை. அவள் என் ஈரக்கையை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

இப்போதும் நான் கதைக்காரிதான், லிஃப்ட்டில் மூன்று பழமொழி சொல்லுகிறவள்தான். ஆனால் யாராவது என் முன்னால் உடைந்து நின்றால், ஆறுதல் சொல்ல வாயைத் திறக்கும் முன், இந்த மனிசருக்கு நான் சொல்லாமல் வைத்திருக்கிற உண்மை ஏதும் உண்டா என்று ஒரு கணம் எனக்குள்ளே பார்த்துக்கொள்கிறேன், உண்டென்றால் அதை முதலில் சொல்கிறேன்.